ஆடி சமைத்த அறிஞர்

ஜெர்மனி நாட்டின் வடபால் ஹானோவர் என்றொரு நகரம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அந்நகரை ஆண்ட மரபினரே இங்கிலாந்திற்கும் மன்னராய் விளங்கினர். அந்நகரத்துக் காவற்படையின் இசைக்குழுவிலே ஐசக் ஹெர்ஷல் என்பவர் ஓபோ என்னும் குழற்கருவியை இசைத்து வாழ்ந்துவந்தார். அவருக்கு 1738ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் பிறந்த மைந்தரே, பிற்காலத்தில் வானநூலார் அனைவரும் போற்றும் நிலை எய்திய வில்லியம் ஹெர்ஷல் ஆவார். அவ்வீட்டில் செல்வம் இல்லை, இசை இருந்தது, அறிவு நாட்டம் இருந்தது. ஐசக் பெரிய கல்வி கற்றவர் அல்லர். ஆயினும் பனி கொட்டும் தெளிந்த இரவுகளில் தம் மக்களைத் தெருவிற்கு அழைத்துச் சென்று, விண்மீன் கூட்டங்களைச் சுட்டிக் காட்டுவதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது.

வில்லியம் 14 வயதிலேயே தந்தையார் இருந்த இசைக்குழுவில் சேர்ந்தார். 1757ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படைக்கும் ஹானோவர்ப் படைக்கும் கடும் போர் மூண்டது. குண்டுகளுக்கு நடுவே குழலுக்கு என்ன வேலை? பெற்றோர் இசைவு பெற்று, அவ்வாண்டிலேயே அவர் இங்கிலாந்து சென்று சேர்ந்தார். தொடக்கத்தில் இசைச்சுவடிகளைப் படியெடுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தார். பின்னர் ஊர் ஊராகச் சென்று இசை கற்பித்தார். ஓபோ, வயலின், ஆர்கன் ஆகிய கருவிகளில் வல்லவரானார். சிம்பொனி என்னும் பெருங்கூட்டிசைகள் 24 இயற்றினார். 1766ஆம் ஆண்டில் பாத் நகரத்து ஆக்டகன் திருக்கோவிலின் ஆர்கன் இசைஞராக அவர் அமர்த்தப்பெற்றார். பாத், வெந்நீர் ஊற்றுக்களால் புகழ் பெற்ற ஊர். செல்வர்கள் ஓய்வுக்காக வந்து கூடும் இடம். எனவே வருவாய்க்குக் குறைவில்லை. நாள் முழுதும் மாணாக்கர், மாலையில் இசையரங்கு என்று அவர் வாழ்க்கை விரைந்து சென்றது.

1772ஆம் ஆண்டில் வில்லியம் ஹானோவருக்குச் சென்று, தம் தங்கை கரோலினைப் பாத் நகருக்கு அழைத்து வந்தார். கரோலின் அம்மையார் 1750ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையில் வைசூரியும், பத்தாம் வயதில் கொடிய காய்ச்சலும் கண்டமையால் வளர்ச்சி குன்றி, நான்கடிக்குச் சற்று மேற்பட்ட உயரத்தோடு நின்றுவிட்டவர். வீட்டு வேலைக்கு வேண்டிய அளவு கற்றாற் போதும் என்பது தாயாரின் கருத்து. அவ்வடுக்களையினின்று மீட்டு அவரைப் பாடகி ஆக்கவேண்டும் என்பதே தமையனாரின் எண்ணம். கரோலினும் நன்றாகவே பாடினார். வேறு நகரத்தார் பாட அழைத்தபோதும், தமையனார் நடத்தாத அரங்கில் பாடுவதில்லை என்று மறுத்துவிட்டார். அவ்வுறுதி அவரை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை அப்பொழுது அவர் அறியார்.

இசையின் இலக்கணத்தை ஆழ்ந்து கற்க விரும்பிய வில்லியம், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராபர்ட் சுமித் இயற்றிய ஓர் இசைநூலைப் படித்தார். அவ்வாசிரியரே ஒளிநூல் ஒன்றும் எழுதியிருந்தார். அதனையும் எடுத்துப் படித்தார். அந்நூலிலே தொலைநோக்கிகளைச் செய்யும் முறை விளக்கப்பட்டிருந்தது. 1773ஆம் ஆண்டில் பெர்கூசன் எழுதிய வானநூல் ஒன்றும் அவர் கைக்கு வந்தது. அன்று முதல் அவர் மனம் விண்ணிலே சென்று தங்கிற்று. நூலில் எழுதியவற்றை எல்லாம் தம் கண்ணாலே கண்டாலன்றி அமைவதில்லை என்னும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது.

தொலைநோக்கி இருவகைப்படும். முன்புறத்தில் வில்லைக் கண்ணாடி பொருத்தி ஒளியை வளைத்துக் குவிப்பது ஒன்று. அடிப்புறத்தில் குழியாடி ஒன்றை வைத்து ஒளியை மீளச் செய்து குவிப்பது மற்றொன்று. ஹெர்ஷல் முதலில் வில்லைகளை விலைக்கு வாங்கி, நீண்ட குழாய்களில் பொருத்திப் பார்த்தார். குழாய் நீள நீள, நடுவே வளைந்து தொங்கியது, காற்றில் ஆடியது, விண்மீனை நோக்கி நிறுத்துவதே அரும்பாடாயிற்று. பின்னர் ஆடி வைத்த சிறு தொலைநோக்கி ஒன்றை வாடகைக்குப் பெற்றார். அது கைக்கு அடக்கமாய் இருந்தது கண்டு மகிழ்ந்தார். இதனிற் பெரிய ஆடி வேண்டும் என்று கேட்டபோது, அத்துணைப் பெரிய ஆடியை எவரும் செய்வதில்லை என்றும், செய்வதாயின் பெரும் பொருள் ஆகும் என்றும் அறிந்தார். விலைக்குக் கிடையாததைத் தாமே செய்து கொள்வதென்று துணிந்தார். பாத் நகரில் ஒருவர், பொழுதுபோக்காக ஆடி தேய்த்துவந்து, பின் அத்தொழிலைக் கைவிட்டிருந்தார். அவரிடமிருந்து கருவிகளையும் அரைகுறை ஆடிகளையும் ஹெர்ஷல் விலைக்கு வாங்கிக்கொண்டார்.

அக்காலத்துத் தொலைநோக்கி ஆடி, கண்ணாடியால் ஆயதன்று, உலோகத்தால் ஆயது. செம்பும் வெள்ளீயமும் கலந்து உருக்கி வார்த்து, அவ்வார்ப்பைத் தேய்த்து மெருகேற்றுவர். கேரளத்து ஆறன்முளையில் இன்றும் செய்துவரும் உலோகக் கண்ணாடியும் இவ்வினத்ததே. வெள்ளீயம் மிகுந்தால் ஆடி வெண்மையாய் ஒளிரும். ஆனால் எளிதில் வெடிக்கும். செம்பு மிகுந்தால் வெடிப்பது குறையும். ஆனால் விரைவில் மங்கும். இவ்விரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் காண்பதே கைவினைஞர் திறமை. வார்த்தபின் வரும் வேலை அதனினும் அரிது. நடுவிலே குழிந்து விளிம்பு நோக்கி மெல்ல உயரும் அவ்வளைவு, மயிரிழையிற் பன்மடங்கு நுண்ணிய அளவிலும் பிழைபடுதல் ஆகாது. மெருகிடும்போது கையை எடுத்தால் ஆடியின் வடிவு கெடும் என்று அஞ்சி, ஹெர்ஷல் ஒருமுறை 16 மணி நேரம் இடையறாது தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பொழுது கரோலின் அம்மையார் அருகிருந்து உணவைச் சிறு சிறு துண்டுகளாக அவர் வாயில் ஊட்டினார். சோர்வு தோன்றாதிருக்க அரபிக் கதைகளைப் படித்துக் காட்டினார். ஒன்று கெட்டால் மற்றொன்று என்று வார்த்த ஆடிகள் நூற்றுக்கணக்காயின.

வீடே பட்டறையாயிற்று. விருந்தினரை வரவேற்கும் கூடத்தில் தச்சர் குழாய் செய்தார். படுக்கையறையில் அலெக்சாண்டர் என்னும் உடன்பிறந்தார் கடைசல் எந்திரத்தை நிறுவினார். இசையரங்கில் இடைவேளை கிடைத்தால் ஹெர்ஷல் ஓடி வந்து ஆடியைத் தேய்ப்பார். அரங்கிற்கு அணிந்த பட்டாடையின் பின்னல்விளிம்பு கீலில் தோய்ந்து கெடும். தூய்மையான இல்லத்தை விரும்பிய கரோலினுக்கு இவையெல்லாம் வருத்தமே தந்தன. ஆயினும் அவர் முணுமுணுத்துக்கொண்டே உதவினார். நாளடைவில் தாமும் ஆடி மெருகிடக் கற்றார். பாட வந்தவர் பட்டறையின் பணியாளர் ஆனார். பாட்டு மெல்ல மெல்ல மறைந்தது.

1774ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தாமே செய்த ஐந்தரை அடித் தொலைநோக்கியால் ஹெர்ஷல் ஓரியன் கூட்டத்திலுள்ள ஒளிமுகிலைக் கண்டு குறிப்பெழுதினார். அக்காலத்தில் தொலைநோக்கியைக் குழாயின் நீளங்கொண்டு ஐந்தடி, ஏழடி, பத்தடி என்று வழங்குவது மரபு. ஆனால் உண்மையான ஆற்றல், நீளத்தைவிட ஆடியின் அகலத்திலேயே உள்ளது என்பதை ஹெர்ஷல் தெளிவாக உணர்ந்தார். 1776ஆம் ஆண்டில் ஒருநாள் அந்திமயங்கிய வேளையில், தொலைவிலிருந்த ஒரு கோபுரத்தை நோக்கித் தம் தொலைநோக்கியைத் திருப்பினார். வெறுங்கண்ணுக்கு அங்கே கோபுரமே தெரியவில்லை. தொலைநோக்கியிலோ கோபுரத்துக் கடிகாரம் காட்டிய மணி தெளிவாய்த் தெரிந்தது. பொருளைப் பெரிதாக்கிக் காட்டியதனால் மட்டும் நிகழ்ந்ததன்று இது. முற்றத்தில் வைத்த அகன்ற பாத்திரம் சிறு கிண்ணத்தைவிட மிகுந்த மழைநீரை ஏந்துவது போல, அகன்ற ஆடி கண்மணியைவிடப் பன்மடங்கு ஒளியை ஏந்திற்று. அதனால் இருள் விலகிற்று. விட்டம் இருமடங்கானால் ஏந்தும் ஒளி நான்மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். மங்கலான பொருளைக் காண விரும்புவோர் அகன்ற ஆடியையே நாடவேண்டும் என்னும் இவ்வுண்மை, அவர் வாழ்நாள் முழுவதையும் ஆட்டிவைத்தது.

எனினும் அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது பேராடி அன்று. 6.2 அங்குல அகலமுள்ள ஆடி பொருத்திய ஏழடித் தொலைநோக்கியே அது. 1781ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் இரவு, பாத் நகரில் தம் வீட்டுத் தோட்டத்திலே அதனைக் கொண்டு விண்மீன்களை வரிசையாக ஆராய்ந்துகொண்டிருந்தார். மிதுனக் கூட்டத்தின் அருகே ஒன்று மட்டும் சிறு வட்டம்போல் தோன்றிற்று. அவர் கண்வில்லையை மாற்றி, 227 மடங்கிலிருந்து 460 மடங்கிற்கும், பின்னர் 932 மடங்கிற்கும் உருப்பெருக்கத்தை உயர்த்திப் பார்த்தார். விண்மீனாயின் அது புள்ளியாகவே நிற்கும். இதுவோ பெருக்கத்திற்கேற்பப் பருத்துக்கொண்டே வந்தது. சில நாள் கழித்துப் பார்த்தபோது இடமும் பெயர்ந்திருந்தது. வால்மீன் என்றே அவர் எண்ணினார். கணித வல்லுநர் அதன் பாதையைக் கணக்கிட்டு, அது சனிக்கும் அப்பால் ஞாயிற்றைச் சுற்றிவரும் புதிய கோள் என்று தெளிந்தனர். தொன்றுதொட்டு மாந்தர் அறிந்த கோள்களின் எல்லை சனியோடு முடிந்திருந்தது. அவ்வெல்லையை இசைவாணர் ஒருவர் தம் தோட்டத்தினின்று கடந்தார். தம்மை ஆதரித்த மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை அக்கோளுக்கு இட விரும்பினார் ஹெர்ஷல், உலகம் ஏற்கவில்லை, யுரேனசு என்னும் பெயரே நிலைத்தது.

அவ்வாண்டிலேயே அவர் 3 அடி அகல ஆடியை வார்க்க முற்பட்டார். வீட்டின் கீழ்க்கட்டில் உலை அமைத்தனர். குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்துக் களிமண்ணோடு பிசைந்து வார்ப்பு அச்சுச் செய்தனர். சாணத்தை இடிக்கும் வேலையில் கரோலினும் பங்கு கொண்டார். முதல் வார்ப்பு ஆறும்போது வெடித்தது. இரண்டாம் முறை, உருகிய உலோகம் உலையினின்று கசிந்து நெருப்பிலே கொட்டிப் பின் தரையிலே பாய்ந்தது. வெப்பம் தாளாத தளக்கற்கள் வெடித்துக் கூரைவரை சிதறின. உலைத்தொழிலாளரும் உடன்பிறந்தார் இருவரும் கதவை நோக்கி ஓடினர். களைத்த வில்லியம் செங்கற்குவியலின்மேல் வீழ்ந்தார். உயிர்ச்சேதம் இல்லாமற் போனது நல்லூழே. அக்கோடையில் அவ்வாடி கைவிடப்பட்டது, எண்ணம் கைவிடப்படவில்லை.

புகழ் கேட்டு மன்னர் அவரை அழைத்தார். 1782ஆம் ஆண்டில் கிரீனிச்சு வானாய்வு நிலையத்திலே ஹெர்ஷலின் ஏழடித் தொலைநோக்கியும் அங்கிருந்த கருவிகளும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. அரசாங்கக் கருவிகள் அனைத்தினும் இசைவாணர் கையால் செய்ததே சிறந்து நின்றது. மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் வழங்கினார். இசையால் ஈட்டியதினும் அது குறைவே. எனினும் பகலெல்லாம் பாடம் சொல்லும் சுமை நீங்கியது. உடன்பிறந்தார் இருவரும் வின்சர் அரண்மனைக்கு அணித்தான டாச்செட்டு என்னும் ஊரில் குடியேறினர். அது தேம்சு ஆற்றங்கரையில் நீர் ஊறும் தாழ்நிலம். முறைக்காய்ச்சல் அணுகாதிருக்க ஹெர்ஷல் முகத்திலும் கையிலும் பச்சை வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டு இரவெல்லாம் நின்றார் என்பர்.

1783ஆம் ஆண்டில் அங்கே உருவான இருபதடித் தொலைநோக்கியே அவர் செய்த கருவிகளுள் தலையாயது எனல் வேண்டும். அதன் ஆடி 18.7 அங்குல அகலம் உடையது. ஏழடிக் கருவியைப் போல ஒன்பது மடங்கு ஒளியை ஏந்துவது. மரச்சட்டங்களுக்கு நடுவே கயிறும் கப்பியும் கொண்டு குழாயை உயர்த்தவும் தாழ்த்தவும் இயலும். ஹெர்ஷல் கையாண்ட முறை எளியது. குழாயைத் தென்திசை நோக்கி நிறுத்திவிடுவார். புவி சுழல்வதால் வானம் தானே அவர்முன் நகர்ந்து செல்லும். பணியாள் ஒருவர் கைப்பிடியைச் சுழற்றிக் குழாயைச் சிறிது மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருப்பார். இவ்வாறு, பெருக்குமாறு கொண்டு முற்றத்தைக் கூட்டுவதுபோல் வானத்தைப் பட்டை பட்டையாகத் துழாவினார். உயரத்து மேடையில் நின்ற அவர், கண்ணைக் கருவியினின்று எடுப்பதில்லை. விளக்கொளி பட்டால் இருளுக்குப் பழகிய கண் மீண்டும் தெளிய நெடுநேரம் ஆகும் அன்றோ? அவர் கண்டதைக் கூறக் கூற, சாளரத்தின் அருகே கடிகாரமும் விண்மீன் பட்டியும் வைத்துக்கொண்டு அமர்ந்த கரோலின் எழுதிக்கொள்வார். மறுநாள் பகலில் கணக்கிட்டுப் படியெடுப்பதும் அவரே. குளிர்காலத்தில் மைக்கூட்டில் மை உறைந்துபோவதும் உண்டு.

1783ஆம் ஆண்டின் இறுதி இரவு. தரையெல்லாம் பனி ஓரடி மூடிக் கிடந்தது. பத்து மணியளவில் முகில் விலகவே, கருவியைத் திருப்ப விரைந்து வரும்படி தமையனார் அழைத்தார். இருளில் ஓடிய கரோலின், பனியில் வழுக்கி, கருவியின் அடியிலிருந்த பெரிய இரும்புக் கொக்கியின்மேல் வீழ்ந்தார். கொக்கி முழங்காலுக்கு மேலே தொடையில் ஆழப் பாய்ந்தது. அவரைத் தூக்கி எடுத்தபோது தசை பிய்ந்து கொக்கியிலேயே தங்கிவிட்டது. அவ்விரவு மீண்டும் முகில் மூடிக்கொண்டது என்றும், ஆகவே தம்மால் தமையனாரின் ஆய்வுக்கு இழப்பொன்றும் நேரவில்லை என்றும் கரோலின் பிற்காலத்தில் ஆறுதலோடு எழுதி வைத்தார். தம் புண்ணைவிட வான் பார்க்கும் பொழுதைப் பெரிதாகக் கருதிய அவ்வுள்ளத்தை என்னென்பது!

அதுகாறும் அறியப்பட்டிருந்த ஒளிமுகில்களும் விண்மீன் கொத்துக்களும் ஏறத்தாழ 100. ஹெர்ஷல் 1786இல் 1,000, 1789இல் 1,000, 1802இல் 500 என்று 2,500 பொருள்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார். இவற்றை அளித்தது பெரும்பாலும் இருபதடிக் கருவியே. அதனிடத்து அவர் ஒரு சிறு மாற்றமும் செய்தார். உலோக ஆடி, தன்மேல் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்களவு விழுங்கிவிடும். பேராடியில் மீண்ட ஒளி, பக்கத்துக்குத் திருப்பும் சிற்றாடியிலும் பட்டு மீளுமாயின் இழப்பு இரட்டிக்கும். எனவே பேராடியைச் சற்றே சாய்த்துவைத்துச் சிற்றாடியை நீக்கிவிட்டார். குழாயின் வாயிலேயே நின்று உள்ளே நோக்கினார். இம்மாற்றம் செய்தபின், 1787ஆம் ஆண்டு சனவரியில், முன்பு காணாத யுரேனசின் துணைக்கோள்கள் இரண்டினை அதே ஆடியால் கண்டார்.

கரோலினுக்காக அவர் செய்து கொடுத்த கருவியோ மிகச் சிறியது. உருப்பெருக்கம் ஏறத்தாழ 20 மடங்கே. ஆனால் ஒரே பார்வையில் அகன்ற வானத்தைக் காட்டவல்லது. வால்மீன் தேடுவார்க்கு அதுவே ஏற்றது. 1786ஆம் ஆண்டு தமையனார் ஜெர்மனி சென்றிருந்தபோது, ஆகஸ்டு முதல் நாள், கரோலின் அச்சிறு கருவியால் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். 1797ஆம் ஆண்டிற்குள் அவர் கண்ட வால்மீன்கள் எட்டு. மன்னர் 1787 முதல் அவருக்கும் ஆண்டுக்கு 50 பவுன் வழங்கினார். தம் வாழ்நாளில் தமக்கென்று பெற்ற முதல் ஊதியம் என்று அம்மையார் அதனைப் பொன்னேபோற் போற்றினார்.

இவ்வளவும் எய்திய ஹெர்ஷல், 18.7 அங்குலத்தோடு அமைதி பெற்றாரா எனின், இல்லை. 4 அடி அகல ஆடியும் 40 அடி நீளக் குழாயும் உடைய ஒரு பெருங்கருவியை அவர் நெஞ்சம் அவாவிற்று. மன்னர் இரு தவணையில் 4,000 பவுன் அளித்தார். 1786இல் குடிபுகுந்த சுலோ என்னும் ஊரிலே வேலை தொடங்கிற்று. தச்சரும் கொல்லரும் தொழிலாளருமாகத் தோட்டம் முழுதும் ஆட்கள் நிறைந்தனர். இரும்புத் தகட்டால் ஆன குழாய் தரையிற் கிடந்த நாட்களில், காண வந்தோர் அதனுள்ளே புகுந்து நடந்தனர். மன்னரே ஒரு பேராயரைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார் என்பர். முதலில் வார்த்த ஆடி மெலிதாய் இருந்தமையால் தன் எடையாலேயே வளைந்தது. இரண்டாவது ஆடியைத் தடிப்பாக வார்த்தனர். அதன் எடை ஏறத்தாழ ஒரு டன். வெடிக்காதிருக்கச் செம்பை மிகுத்தனர்.

1789ஆம் ஆண்டில் கருவி நிறைவுற்றது. ஆகஸ்டு 28ஆம் நாளும் செப்டம்பர் 17ஆம் நாளும் சனியின் புதிய துணைக்கோள்கள் இரண்டு அதனால் துலங்கின. ஐரோப்பா எங்கும் அதன் புகழ் பரவிற்று. செல்வரும் அறிஞரும் வேந்தரும் அதனைக் காணவென்றே சுலோவிற்கு வந்தனர். அக்காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய தொலைநோக்கி அதுவே.

ஆனால் அதனோடு பழகிய கைகளுக்கு வேறு செய்தி தெரிந்தது. அதனை இயக்க ஆட்கள் பலர் வேண்டும். ஆயத்தம் செய்வதற்குள் தெளிந்த வானத்தின் நற்பொழுது கழிந்துவிடும். பேரெடையுடைய ஆடி இரவின் குளிர்ச்சியை விரைவில் ஏற்காது. ஆடி ஆறும்வரை உருவம் தெளியாது. செம்பு மிகுந்தமையால் ஆடி விரைவில் மங்கிற்று. மீண்டும் மெருகேற்றுவதாயின், இறக்கி ஏற்றிப் பெரும்பாடு படவேண்டும். இங்கிலாந்தின் வானிலையோ எப்பொழுதும் முகிலும் மூடுபனியும். அத்தகைய பெருங்கருவிக்கு ஏற்ற பொழுது ஆண்டொன்றில் 100 மணி நேரம் வாய்த்தாலே மிகுதி என்று ஹெர்ஷல் கணக்கிட்டார். கருவி பெரிதாகவே அது ஒருமுறை காட்டும் வானப்பரப்பும் குறுகும். வானத்தின் ஒவ்வோர் இடத்தையும் ஒரு நொடியே பார்ப்பதாயினும், தாம் இருந்த இடத்தில் தெரியும் வானத்துக்கு 598 ஆண்டும், எஞ்சிய தென்வானத்துக்கு மேலும் 213 ஆண்டும் ஆகும் என்பது 1800ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கணக்கு. மனிதர் வாழ்நாள் அதற்கு எங்கே போதும்?

ஆகவே அவர் நாற்பதடியை விருந்தினர்க்கும், வேறெதனாலும் காணவியலாத அரும்பொருள்களுக்கும் விட்டுவிட்டு, நாள்தோறும் இருபதடியையே நாடினார். சிறிய கருவியால் முடிகின்ற வேலைக்குப் பெரியதை எடுப்பதில்லை என்பதைத் தமக்கொரு விதியாகவே வைத்துக்கொண்டதாகப் பிற்காலக் கட்டுரை ஒன்றில் வெளிப்படையாக எழுதினார். தம் பெருங்கருவியின் குறையை உலகம் அறியச் சொல்வது எளிதன்று; அரசர் பொருளால் ஆயது என்னும்போது இன்னும் அரிது. ஆயினும் தோல்வி என்று அதனை முற்றும் தள்ளிவிடுவதும் முறையன்று. அத்துணை அகன்ற ஆடியை வார்க்கவும் தாங்கவும் இயலும் என்று மெய்ப்பித்துக் காட்டியது அதுவே.

ஹெர்ஷல் எதிர்கொண்ட இதே கேள்வி, பொழுதுபோக்காக வானம் பார்ப்போர் முன்பு இன்றும் நிற்கின்றது. இருபதாம் நூற்றாண்டில் ஜான் டாப்சன் என்பார் ஒருவர் இருந்தார். 1944 முதல் 1967 வரை அமெரிக்காவில் வேதாந்த மடத்துத் துறவியாக வாழ்ந்தவர். கையிற் பொருளில்லாத அவர், கப்பற் சாளரத்திற்குரிய தடித்த கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். அதனை அட்டைக் குழாயில் பொருத்தினார். மேலும் கீழும் பக்கவாட்டிலும் எளிதில் திரும்பும் மரப்பெட்டியின்மேல் அக்குழாயை அமர்த்தினார். டாப்சோனியன் என்று வழங்கும் இவ்வகைக் கருவியால், ஹெர்ஷலின் இருபதடி ஆடிக்கு நிகரான அகலமும், கண்ணாடிமேல் பூசிய அலுமினியத்தால் அதனினும் மிகுந்த ஒளியும் இன்று எளியோர்க்கும் கிட்டுகின்றன. ஆயினும் 8 அங்குல ஆடியுடைய கருவியை ஒருவரே தூக்கித் தோட்டத்தில் வைத்துவிடலாம். 18 அல்லது 20 அங்குலம் என்றால், ஏறிப் பார்க்க ஏணி வேண்டும். கொண்டுசெல்ல வண்டி வேண்டும். ஆடி ஆறுமளவும் காத்திருக்கவேண்டும். எதனை வாங்குவது என்று ஆராய்வோர், பெரிய ஆடி மூலையில் தூங்குமாயின் சிறிய ஆடி காட்டுவதையும் அது காட்டாது என்பதை எண்ணிப் பார்க்கின்றனர். ஹெர்ஷல் கண்ட 2,500 பொருள்களுள் 400ஐத் தேர்ந்து, அமெரிக்க வானம்பார்ப்போர் ஒரு பட்டியல் வகுத்துள்ளனர். அவை யாவும் இருள்சூழ்ந்த இடத்தில் 6 அங்குலக் கருவிக்கும் புலப்படத்தக்கவையே.

ஹெர்ஷல் 1788ஆம் ஆண்டில் மேரி பிட் என்னும் மங்கையை மணந்தார். அவர்களுக்கு 1792இல் ஜான் என்னும் ஒரே மகன் பிறந்தான். மணத்தின்பின் கரோலின் தனியே குடியிருந்தார். அதனால் அவர் உள்ளம் புண்பட்டதென்பர். பணியிலே குறை வைத்தாரல்லர். 1800ஆம் ஆண்டில், ஞாயிற்றொளியைப் பட்டகத்தால் பிரித்துச் செந்நிறத்திற்கு அப்பால் வெப்பமானியை வைத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் உண்மையைக் கண்டதும் ஹெர்ஷலே. 1816இல் அவருக்கு வீரத்திருத்தகைப் பட்டம் வழங்கப்பட்டது. 1822ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், தம் 83ஆம் வயதில், சுலோவிலே அவர் காலமானார்.

அதன்பின் நாற்பதடிக் கருவி நெடுநாள் தோட்டத்தில் ஓய்ந்து நின்றது. அதன் மரச்சட்டம் உளுத்து, இடிந்து விழும் நிலையை அடைந்தமையால், 1839ஆம் ஆண்டின் இறுதியில் ஜான் ஹெர்ஷல் அதனைப் பிரித்தார். மனைவி மக்களோடு குழாயினுள்ளே அமர்ந்து, தாமே இயற்றிய இரங்கற்பா ஒன்றைப் பாடி அதற்கு விடைகொடுத்தார். பிற்காலத்தில் மரமொன்று வீழ்ந்து குழாயின் பெரும்பகுதியை நசுக்கிவிட்டது. எஞ்சிய துண்டு கிரீனிச்சில் உள்ளது.

இருபதடியின் கதையோ வேறு. தந்தையார் கடைசி நாட்களில் அருகிருந்து கற்பிக்க, ஜான் அதற்குப் புதிய ஆடி செய்து பொருத்தினார். கரோலின் தமையனாரை இழந்த துயரத்தோடு ஹானோவருக்கே திரும்பிவிட்டார். 70 வயதைக் கடந்த அவ்வம்மையார், மருகருக்குப் பயன்படவேண்டுமென்று, தமையனார் கண்ட 2,500 பொருள்களையும் வானத்தின் பட்டை முறைப்படி மீண்டும் வரிசைப்படுத்தி அனுப்பினார். அவ்வுழைப்பிற்காக 1828இல் இலண்டன் வானவியல் கழகத்தார் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தனர். ஜான் அப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வடவானத்தை மீண்டும் துழாவினார். பின்னர், 1833ஆம் ஆண்டு நவம்பரில், மனைவி மக்களையும் இருபதடிக் கருவியையும் கப்பலேற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அங்கே நான்காண்டுகள் தங்கி, தந்தையார் காணாத தென்வானத்தைத் துழாவி முடித்தார்.

அவ்வாய்வின் பெருநூல் 1847ஆம் ஆண்டில் அச்சேறியது. ஒரு படி ஹானோவருக்குச் சென்றது. அப்பொழுது கரோலினுக்கு வயது 97. பாத் நகரத்துத் தோட்டத்தில் தொடங்கிய வேலையின் முடிவை அம்மூதாட்டியார் தம் கையில் வாங்கிக்கொண்டார். அதற்குச் சில திங்கள் கழித்து, 1848ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள், அவர் கண் மூடினார்.